கத்தரிக்கோலும் ஸ்கேலும் – ஒரு கொரியக் கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸில் ஆணி அதிகமா இருக்கிறவங்க சாயங்காலம் காபியோட வந்து படிக்கவும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா பொண்ணு பத்தாங்கிளாஸ் படிக்கிறா. அவ ரூம் சுவர் பூரா பிடிஎஸ் படங்கள். ஏழு பசங்க, ஏழு கலர்ல தலைமுடி, காதுல கம்மல், கழுத்துல முத்துமாலை. ஏதோ எடுக்க உள்ளே போன பெரியப்பா அப்படியே நின்னுட்டார்.

"என்னடா இது, ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல?"

தங்கச்சி மூஞ்சி தொங்கிப்போச்சு. எனக்கு மட்டும் சிரிப்பு. ஏன்னா அதுக்கு முந்தின நாள்தான் பரண்ல இருந்து பழைய ஆல்பம் எடுத்துப் பார்த்துட்டிருந்தோம். அதுல 1978ல எடுத்த ஒரு போட்டோ. காலேஜ் வாசல்ல பெரியப்பா. காதை மூடின ஸ்டெப் கட்டிங், தரையைப் பெருக்கற பெல்பாட்டம், நாய் காது மாதிரி காலர். அந்தத் தலையைப் பார்த்துட்டு தாத்தா, "முடி வெட்டாம வீட்டுக்குள்ள காலை வைக்காதே"ன்னு சொல்லி ரெண்டு நாள் திண்ணையில படுக்க வெச்சாராம். பாட்டி சொல்லிச் சொல்லி எங்க எல்லாருக்கும் மனப்பாடம்.

பெரியப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. அவர் வாயில வந்த அந்த வாக்கியம், அவர் அந்த போட்டோ எடுத்துக்கிட்ட வருஷத்துல, கொரியாவில் சட்டமாகவே இருந்தது. கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். 1978ல் அவர் சியோல் நகரத் தெருவில் அந்தத் தலையோட நடந்திருந்தா, தாத்தாவுக்கு வேலையே இருந்திருக்காது. போலீஸே கத்தரிக்கோலோட வந்திருக்கும்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்டுக்காக நாலு மாசம் சியோலில் குப்பை கொட்டினேன். அங்கே டீமில் இருந்த சீனியர் ஒருத்தர் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே சொல்ல ஆரம்பிச்ச கதைதான் இது. அப்புறம் நானா தேடிப் படிச்சது நிறைய. இன்னிக்கு உலகம் பூரா பசங்க பார்த்து காப்பி அடிக்கிற அந்தத் தலைமுடி, அந்த டிரஸ், அந்தப் பாட்டு எல்லாத்துக்கும் பின்னாடி ஐம்பது வருஷச் சண்டை இருக்கு.

கத்தரிக்கோல் காலம்

1961 மே மாதம் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்தவர் பார்க் சுங் ஹீ. தொழிற்சாலை, நெடுஞ்சாலை, ஏற்றுமதி என்று நாட்டை விரட்டி விரட்டி வேலை வாங்கியவர். இளைஞர்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதிலும் அவருக்குத் திட்டவட்டமான கருத்து இருந்தது. குட்டை முடி, நேரான நடை, கேள்வி கேட்காத வாய்.

ஆனால் காற்று வேறு பக்கம் வீசிக்கொண்டிருந்தது. 1950-53 கொரியப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகள் அங்கேயே தங்கிவிட்டன. படைமுகாம்களில் சிப்பாய்களுக்குப் பொழுதுபோக வேண்டுமே! உள்ளூர் பாட்டுக்காரர்களுக்கு அங்கே மேடை கிடைத்தது. சும்மா இல்லை, தேர்வு வைத்து கிரேடு போட்டு அதற்கேற்ற சம்பளம். ராக், ஜாஸ், சோல் எல்லாம் கொரியாவுக்குள் நுழைந்த முக்கியமான வாசல் அதுதான். அந்த வாசலில் நின்று கிதார் வாசித்த அநாதைப் பையன் ஒருவர்தான் ஷின் ஜூங்-ஹ்யுன். பின்னாளில் கொரிய ராக்கின் தந்தை என்று பெயர் வாங்கியவர்.

1967ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய யூன் போக்-ஹீ என்ற பாடகி மூலம் மினி ஸ்கர்ட் பிரபலமானது. பையன்கள் முடி வளர்த்தார்கள். ஜீன்ஸ், கிதார், ட்ராஃப்ட் பீர் மூன்றும் சேர்ந்ததுதான் இளைஞர் கலாச்சாரம் என்று ஆனது. அப்போது நள்ளிரவு 12 மணி முதல் காலை 4 மணி வரை ஊரடங்கு. 1945ல் ஆரம்பித்தது. பசங்க என்ன செய்தார்கள் தெரியுமா? 12 மணிக்கு முன்னாடியே கோ-கோ கிளப்புக்குள் போய்விடுவார்கள். கதவைச் சாத்தியாச்சு என்றால் காலை 4 மணி வரை ஆட்டம். வெளியே போனால்தானே போலீஸ் பிடிக்கும்! வீட்டுக்குப் போகாதே என்று சட்டமே சொல்கிறது, அப்புறம் ஆடாமல் என்ன செய்வது :-)

1972 அக்டோபரில் பார்க் அரசியல் சட்டத்தையே மாற்றி, தன்னை அசைக்க முடியாத இடத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த வருஷமே, அதாவது 1973ல், சில்லறைக் குற்றங்கள் சட்டத்தில் திருத்தம். ஆணா பெண்ணா என்று அடையாளம் தெரியாத அளவுக்கு முடி வளர்த்த ஆண்கள் குற்றவாளிகள். உடம்பை அதிகம் காட்டும் உடை அணிந்த பெண்களும் அப்படியே. தெரு முனையில் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து, ஒரு பெண்ணின் முழங்காலுக்கும் பாவாடை விளிம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளக்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பையன்களை நடைபாதையிலேயே நிறுத்தி முடியை வெட்டிவிடுவார்கள். வேண்டுமென்றே கோணல்மாணலாக வெட்டுவதும் உண்டாம். மிச்சத்தை நீயே போய் மொட்டை அடிச்சுக்கோ என்று அர்த்தம்.

1975ல் ஹா கில்-ஜோங் எடுத்த 'முட்டாள்களின் ஊர்வலம்' என்ற படத்தில் இந்தக் காட்சி வருகிறது. கல்லூரிப் பையன்கள் தலைமுடியைக் காப்பாற்றிக்கொள்ள தெருத் தெருவாக ஓடுகிறார்கள், பின்னால் போலீஸ். பின்னணியில் 'ஏன் கூப்பிடுகிறாய்' என்ற பாட்டு. தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரசாங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டைத் தடை செய்தார்கள்.

அந்த 1975தான் கொரிய இசையின் கருப்பு வருஷம். 'சுத்திகரிப்பு' என்ற பெயரில் 200க்கும் மேற்பட்ட உள்நாட்டுப் பாடல்கள் ஒட்டுமொத்தமாகத் தடை. காரணங்களைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஷின் எழுதி கிம் சூ-ஜா பாடிய 'பொய்' என்ற பாட்டு, கேட்பவர்கள் மனதில் அவநம்பிக்கையை வளர்க்கிறதாம். (உண்மையில் ஒரு பெண் தன் காதலனிடம் 'நீ சொல்றது பொய்' என்கிறாள். அரசாங்கம் ஏன் குனிந்து தன் முதுகைப் பார்த்துக்கொண்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) அந்தம்மா ஆடும்போது கையை அசைப்பது வடகொரியாவுக்கு அனுப்பும் ரகசிய சிக்னல் என்று ஒரு வதந்தி வேறு ஊர் பூரா சுற்றியது. 1971ல் கிம் மின்-கி என்ற கல்லூரி மாணவர் வெளியிட்ட 'காலைப் பனித்துளி' என்ற அமைதியான பாட்டும் தடையானது. தடை செய்ததாலேயே அது போராட்டக்காரர்கள் வாயில் ஏறிக்கொண்டது.

ஷின் கதை இன்னும் மோசம். 1972ல் அவரிடம் அதிபரைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். பதிலுக்கு, நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் புகழ்ந்து பத்து நிமிஷம் ஓடும் ஒரு பாட்டு எழுதினார். நாட்டைப் பாடுவேன், உன்னைப் பாட மாட்டேன் என்று அர்த்தம். 1975 டிசம்பரில் கஞ்சா வழக்கில் கைது, சித்திரவதை, அப்புறம் மேடை ஏறவே தடை. 1979 அக்டோபர் 26ல் பார்க் தன் சொந்த உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்படும் வரை அந்தத் தடை நீடித்தது. திரும்பி வந்தபோது காலம் டிஸ்கோவுக்கு மாறியிருந்தது. ஒரு கலைஞனின் நல்ல வயசு பூரா போச்சு.

லேபிள் தொங்கிய தொப்பி

பார்க்குக்குப் பின் வந்ததும் ராணுவ ஆட்சிதான். 1980 மே மாதம் குவாங்ஜூ நகரத்தில் நடந்த படுகொலையின் ரத்தம் அதன் கையில் இருந்தது. ஆனால் இந்த முறை கொஞ்சம் தந்திரம் கூடியிருந்தது. விளையாட்டும் வண்ணத் தொலைக்காட்சியும் கொடுத்து மக்களைச் சாந்தப்படுத்தப் பார்த்தார்கள். 1982 ஜனவரியில் ஊரடங்கு போனது. 1983ல் பள்ளிச் சீருடையையே எடுத்துவிட்டார்கள், சில வருஷத்தில் பள்ளிகள் திரும்பக் கொண்டுவந்தன என்பது வேறு கதை. 1987 ஜூனில் மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தடை செய்யப்பட்ட அந்த 'காலைப் பனித்துளி'யைப் பாடிக்கொண்டே வந்தார்கள். நேரடி அதிபர் தேர்தல் கிடைத்தது. தலைமுடிச் சட்டம் 1988ல் ஒழிந்தது.

சரி, இனிமே சுபம்னு நினைச்சீங்களா? கத்தரிக்கோல் தெருவில் இருந்து ஆபீஸுக்குள் போனது, அவ்வளவுதான். ஒரு பாட்டை வெளியிட வேண்டுமென்றால் வரிகளை முன்கூட்டியே ஒழுக்கக் குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். டிவி நிலையங்களில் சாயம் பூசிய முடிக்கும், ஆண்கள் போடும் கம்மலுக்கும் முகச்சுளிப்பு.

1992 ஏப்ரலில் எம்பிசி சேனலின் ஒரு நிகழ்ச்சியில் மூன்று பையன்கள் வந்தார்கள். சியோ தைஜி அண்ட் பாய்ஸ். ராப்பும் கிதாரும் ஆட்டமும் கலந்த ஒரு பாட்டு. நடுவர்கள் மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஊரில் இருந்த பள்ளிப் பசங்க வேறு மதிப்பெண் போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் நாடே அந்தப் பாட்டு. தொளதொள பேன்ட், திருப்பிப் போட்ட தொப்பி, கடையில் வாங்கின லேபிளைக்கூடக் கிழிக்காமல் அப்படியே தொங்கவிடுவது. அது ஒரு ஃபேஷனாகி, பசங்க எல்லாம் லேபிள் தொங்கத் தொங்க நடந்தார்கள்.

இங்கே ஒரு சின்ன உறவுமுறை. சியோ தைஜி அதற்கு முன் சினாவே என்ற மெட்டல் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். அந்தக் குழுவை ஆரம்பித்தவர் யார் தெரியுமா? ஷின் ஜூங்-ஹ்யுனின் மகன். அப்பாவிடமிருந்து பிடுங்கின கிதார் மகன் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது.

1994ல் கல்விமுறையைத் திட்டி ஒரு பாட்டு. 1995ல் வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளைத் திரும்பி வரச் சொல்லி 'கம் பேக் ஹோம்'. அதைக் கேட்டு வீடு திரும்பிய பிள்ளைகள் உண்மையிலேயே இருந்தார்கள். அதே ஆல்பத்தில் 'காலத்தின் மீது வருத்தம்' என்று ஒரு பாட்டு. ஒழுக்கக் குழு சில வரிகளை மாற்றச் சொன்னது. சியோ தைஜி மாற்றவில்லை. மொத்த வரிகளையும் எடுத்துவிட்டு, வெறும் இசையாக அந்தப் பாட்டை வெளியிட்டார். ஆல்பத்தில் அந்த இடம் வந்தால் குரலே இல்லை. அதைவிடச் சத்தமா ஒரு பாட்டு இருக்க முடியுமா?

ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் நியாயமாகச் சொன்னால், இந்தக் கதையில் முதல் மாலை வேறொருவர் கழுத்துக்குப் போகவேண்டும். ஜங் தே-சுன் என்ற நாட்டுப்புறப் பாணிப் பாடகர். 1990லேயே ஒப்புதல் வாங்காமல் ஆல்பம் வெளியிட்டு, வழக்கு, கோர்ட்டு என்று ஆண்டுக்கணக்கில் தனியாக அலைந்தவர். ஸ்டைலான தொப்பி எல்லாம் அவரிடம் கிடையாது. இரண்டு பேரும் இரண்டு பக்கம் இருந்து தள்ள, 1996 ஜூனில் முன்தணிக்கை எடுக்கப்பட்டது. அதே அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றமும் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சியோ தைஜி குழு அதற்குள் கலைந்திருந்தாலும், அந்தப் பாட்டு குரலோடு திரும்ப வெளியானது.

நீல நிறத் திரை

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம், அதாவது கம்ப்யூட்டர்.

பிரவுசர் எல்லாம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கொரியப் பசங்க ஆன்லைனில் இருந்தார்கள். மோடத்தில் 01410 என்று டயல் செய்தால் நீல நிறத் திரையில் வெள்ளை எழுத்து வரும். ஹைடெல், நௌநூரி, சொல்லியான் என்று மூன்று பெரிய சேவைகள். (கடைசிப் பேரைப் பார்த்து தமிழ்னு நினைச்சுடாதீங்க. ரொம்ப தூரம் பார்க்கிற கண் என்று அர்த்தம்.) எங்க டீம் சீனியர் ராத்திரி எல்லாம் இதில்தான் கிடந்தாராம். போன் லைன் எப்பவும் பிஸி, மாசக் கடைசியில் பில். அவங்க அப்பா ஒரு நாள் மோடத்தைப் பிடுங்கி மொட்டை மாடித் தண்ணித் தொட்டியில் போட்டுட்டாராம். உலகம் பூரா அப்பாக்கள் ஒரே ஃபேக்டரி போல.

முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று ஒரு இடத்தில் சந்திப்பதற்கு 'மின்னல்' என்று பெயர் வைத்தார்கள். 1997ல் 'தொடர்பு' என்று ஒரு சினிமாவே வந்தது. நீலத் திரையில் பேசிக்கொள்ளும் ஒரு ஆணும் பெண்ணும். கொரியாவில் பெரிய ஹிட்.

இந்த நீலத் திரையில்தான் கொரிய ஹிப்-ஹாப் படித்தது, பரீட்சை எழுதியது எல்லாம். ஹைடெலில் ஒரு கருப்பின இசைக் குழு, நௌநூரியில் எஸ்என்பி என்று இன்னொன்று. டெமோ பாட்டைப் பதிவேற்றுவார்கள், மற்றவர்கள் வந்து கிழிப்பார்கள். எதைப் பற்றித் தெரியுமா சண்டை? இலக்கணம்!

கொரிய மொழியும் தமிழ் மாதிரிதான், வாக்கியம் வினைச்சொல்லில் முடியும். 'வந்தான், போனான், நின்னான்' என்று நம்ம மொழியில் எழுதினால் தானாகவே இயைபு வந்துவிடும். சும்மா கிடைப்பதற்கு மதிப்பு ஏது? கொரியனிலும் இதே பிரச்சினை. ஒவ்வொரு வரியும் 'தா', 'யோ' என்று முடியும். அமெரிக்க ராப் மாதிரி கடைசிச் சொல்லில் ஓசை பொருத்தினால் சப்பென்று இருக்கும். அந்த எஸ்என்பி குழுவிலிருந்து வந்த வெர்பல் ஜிண்ட், 2001ல் 'மாடர்ன் ரைம்ஸ்' என்று ஒரு சின்ன ஆல்பம் போட்டார். விகுதியை விடு, சொற்களுக்குள்ளே புகுந்து இரண்டு மூன்று அசைகளின் உயிர் ஓசையைப் பொருத்து என்று செய்து காட்டினார். கொரிய ராப் எழுதும் முறையே அதன் பிறகு மாறியது. நம்ம ஆட்கள் இதே சிக்கலை எப்பவோ எதுகை, மோனை என்று வரியின் தலைப்பக்கம் கொண்டுபோய்த் தீர்த்துவிட்டார்கள் என்று அந்த சீனியரிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் பேப்பரில் எழுதிக் காட்டச் சொன்னார். தமிழ் மிஸ் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

1997 கடைசியில் பொருளாதாரம் கவிழ்ந்து, கொரியா ஐஎம்எஃப் வாசலில் நின்றது. வேலை இழந்தவர்களில் சிலர் பிசி பாங் எனும் இணைய மையங்கள் திறந்தார்கள். 1998ல் ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டு வந்தது, பிராட்பேண்டும் வந்தது. பசங்க கூட்டம் அலைமோதியது. அதே 1998ல் சேஹான் என்ற கொரியக் கம்பெனி எம்பிமேன் என்ற கருவியைக் கொண்டுவந்தது. ஐபாட் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே எம்பி3 பிளேயர்! 2000ல் இரண்டு சகோதரர்கள் சோரிபாடா என்ற பகிர்வு மென்பொருளை விட்டார்கள், பெயருக்கு ஓசைக் கடல் என்று பொருள். கேசட், சிடி வியாபாரம் அதில் மூழ்கியது. 2002ல் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னாலும் போனது போனதுதான்.

மிச்சத்தை சைவேர்ல்ட் செய்தது. 1999ல் தொடங்கிய தளம். ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே ஆளுக்கொரு குட்டி வீடு, அதில் ஒரு குட்டி பொம்மை. பொம்மைக்கு டிரஸ் வாங்க, சுவருக்குப் பேப்பர் ஒட்ட, பின்னணியில் ஒரு பாட்டு ஓடவிட எல்லாத்துக்கும் காசு. அந்தக் காசுக்குப் பெயர் ஏகோர்ன், ஓக் மரக் கொட்டை. ஒன்று 100 வோன். நேரில் யாருமே பார்க்காத ஒரு சட்டைக்கு லட்சக்கணக்கான பசங்க காசு கொடுத்தார்கள். ஃபேஷன், பாட்டு, ஆன்லைன் மூணும் ஒரே கடையில்!

அரசாங்கமும் கட்சி மாறியிருந்தது. 1994ல் அதிபரின் ஆலோசனைக் குழு ஒன்று, ஜுராசிக் பார்க் படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தது. 1999ல் கலாச்சாரத் தொழிலை வளர்க்கத் தனிச் சட்டம். ஒரு காலத்தில் முடியை வெட்டிய அரசாங்கம், இப்போது அதே முடியை ஏற்றுமதி செய்யக் கிளம்பிவிட்டது.

ஸ்கேல் எங்கே போச்சு?

மீதி உங்களுக்கே தெரியும். 2012ல் கங்னம் ஸ்டைல், யூடியூபில் நூறு கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ. 2013ல் பிடிஎஸ். 2017ல் சியோ தைஜியின் 25ஆம் ஆண்டு விழாவில் பிடிஎஸ் பசங்க அவருடன் மேடையேறி அதே 'கம் பேக் ஹோம்' பாடினார்கள். 2018ல் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம், அந்த அக்டோபரில் கொரிய அரசின் கலாச்சார விருது. கலர் தலைமுடியோடு, கம்மலோடு!

இங்கேயே 'சுபம்' போட்டு முடிச்சிருக்கலாம். ஆனா எனக்கு மனசு ஒப்பல.

அரசாங்கம் பழைய பழக்கத்தை முழுசா விடவில்லை. 2013ல் பார்க்கின் மகள் அதிபரானதும் நடந்த முதல் அமைச்சரவைக் கூட்டத்தில், அதிகமாக உடம்பைக் காட்டினால் 50,000 வோன் அபராதம் என்று ஒரு விதி வந்தது. அது பழைய சட்டத்தைத் தளர்த்தியதுதான், மினி ஸ்கர்ட்டுக்குப் பொருந்தாது என்று போலீஸ் விளக்கியது. ஊரே 'அப்பா ஸ்கேலை மகள் எடுத்துட்டாங்க' என்கிற மாதிரி கிண்டலடித்தது. 2016ல் அரசு உதவி கிடைக்கக் கூடாத கலைஞர்கள் என்று 9,473 பெயர்கள் கொண்ட ஒரு ரகசியப் பட்டியல் அம்பலமானது. அமைச்சர் சிறைக்குப் போனார், அதிபர் வேறு பல ஊழல்களோடு சேர்த்துப் பதவி இழந்தார்.

கம்பெனிகளிடமும் ஒரு ஸ்கேல் இருந்தது. பதின்ம வயதில் பயிற்சிக்குச் சேர்த்து, எடையில் இருந்து காதல் வரை கட்டுப்பாடு. 2009ல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூன்று பேர் 13 வருஷ ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அதே வருஷம் வணிகப் போட்டி ஆணையம் ஏழு வருஷத்துக்கு மேல் போகாத மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்தது.

ஆனால் மிகப் பெரிய ஸ்கேல் யாரிடம் போய்ச் சேர்ந்தது தெரியுமா? அந்த நீலத் திரைக்கு வாரிசாக வந்த கருத்துப் பெட்டியிடம்.

சல்லி என்ற பாடகி எஃப்எக்ஸ் குழுவில் இருந்தவர். பிரா போடாமல் ஒரு போட்டோ போட்டார். அது என் விருப்பம் என்றார். வருஷக்கணக்கில் கல்லெறிந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர், முகம் தெரியாமல், தினமும். 2019ல் வசைக் கருத்துகளைப் பிரபலங்களே வாசித்துப் பேசும் ஒரு டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவராக இருந்தார். அந்த அக்டோபரில் இறந்துபோனார். வயது 25. அடுத்த மாதம் அவருடைய தோழி, பாடகி கூ ஹாரா. வயது 28. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அவர்கள் மீது என்னவெல்லாம் எழுதப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அக்டோபர் கடைசியில் டவும் தளமும், 2020 மார்ச்சில் நேவர் தளமும் சினிமா, டிவி செய்திகளின் கீழ் கருத்து எழுதும் வசதியை மூடின.

ஒரு புரோகிராமரா என்னைத் தூங்கவிடாத இன்னொரு விஷயம். 2007லிருந்தே பெரிய தளங்களில் எழுத உண்மைப் பெயரை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. நம்ம ஆதார் மாதிரி ஒரு எண்ணைக் கேட்டார்கள். வசை நின்றதா? பெரிதாக ஒன்றும் குறையவில்லை. மாறாக 2011 ஜூலையில் சைவேர்ல்டும் நேட் தளமும் ஹேக் செய்யப்பட்டு 3.5 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 2012ல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பெயரைக் கேட்டால் மனுஷன் மாறிவிடுவான் என்று ஒரு நிரல் எழுதிப் பார்த்தார்கள், ஓடவில்லை. பக் இருந்தது வேற இடத்துல.

போலீஸ்காரன் ஸ்கேல் வைத்து அளந்தபோது அந்தப் பெண்ணுக்கு யார் எதிரி என்று தெரியும். ஓடலாம், ஒளியலாம், பாட்டு எழுதலாம், ஒரு நாள் சட்டத்தை மாற்றலாம். கொரியாவின் மூன்று தலைமுறை அதைத்தான் செய்து ஜெயித்தது. பக்கத்து வீட்டுக்காரன், கிளாஸ்மேட், உங்களையும் என்னையும் போல ஒருத்தன் கையில் ஸ்கேல் இருந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிடறேன். போன வருஷம் எங்க பேட்ச் வாட்ஸப் குரூப்பில் ஒரு பொண்ணோட ரீல்ஸ் வந்தது. யாருன்னே தெரியாது. தலைமுடி பச்சைக் கலர், டிரஸ் கொஞ்சம் வித்தியாசம், ஏதோ கொரியப் பாட்டுக்கு ஆட்டம். வந்து விழுந்த கமெண்டுகளை இங்கே எழுத முடியாது. நானும் மூணு சிரிப்புப் பொம்மை போட்டேன். அப்புறம் அந்த வீடியோவுக்கே போய்ப் பார்த்தேன். கீழே அவ பதில் எழுதியிருந்தா, "நான் ப்ளஸ் டூ படிக்கிறேன், ப்ளீஸ் இப்படி எழுதாதீங்க." அடுத்த வாரம் அந்தக் கணக்கே இல்லை.

1975ல் நான் சியோலில் இருந்திருந்தா கிதாரோட ஓடற கும்பல்ல இருந்திருப்பேன்னு இத்தனை நாள் நம்பிட்டிருந்தேன்.

பொங்கல் முடிஞ்சு கிளம்பற அன்னிக்கு பெரியப்பாகிட்ட அந்த 1973 சட்டத்தைப் பத்திச் சொன்னேன். 'ஆம்பளையா பொம்பளையா'ன்னு அவர் சொன்னது அப்படியே அதுல இருந்துச்சுன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஆல்பத்தை எடுத்துட்டு தங்கச்சி ரூமுக்குப் போனார். "இந்தத் தலையை வளர்க்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு, உங்க தாத்தா எட்டு நிமிஷத்துல வெட்ட வெச்சுட்டார்"ன்னு சொல்றது வெளியே கேட்டுச்சு. பிடிஎஸ் பசங்களை அவருக்கு இன்னும் பிடிக்கல. பாட்டு ஒரே இரைச்சலாம். அது அவர் உரிமை :-)

பி.கு: ஷின் ஜூங்-ஹ்யுனுக்கு 2009ல் ஃபெண்டர் கம்பெனி அவருக்காகவே ஒரு கிதார் செய்து கொடுத்தது. ஆசியாவில் முதல் ஆள் அவர்தான். அவரோட பாட்டுகளைத் தேடிக் கேளுங்க, அந்தப் பத்து நிமிஷப் பாட்டில் இருந்து ஆரம்பிங்க. ஹெட்போன் கட்டாயம்.